ஹாஜியார் தாடியும் ஒரு அழுக்குக் கயிறும்

அடுத்தவங்க பாட்டுக்குச் செய்துகிட்டிருக்கிற வேலைய பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்து, "இத ஏன் இப்படிச் செய்றீங்க?"ன்னு கேட்டு, திட்டும் வாங்கி, மாசக் கடைசியில சம்பளமும் வாங்குறதுக்குப் பேருதான் லீன் ஆபிசர் வேலை. உங்க கம்பெனியிலயும் இப்படி ஒரு ஆள் பைலைக் கக்கத்துல வச்சுகிட்டு அலையலாம். அல்லது, பாவம், அந்த ஆளே நீங்களா இருக்கலாம். அப்படின்னா கதிரைய இழுத்துப் போட்டு உக்காருங்க, நமக்குள்ள பேச நிறைய இருக்கு.

மெலிய வைங்க மகள்

நான் மாத்தளை டவுன்காரி, பேரு ஸ்டெல்லா. வேலை பல்லேபொல பக்கத்துல ஒரு மசாலா பெக்டரியில. மிளகு, கறுவா, கராம்பு, மஞ்சள் எல்லாம் மூட்டையா வந்து இறங்கும். நாங்க சுத்தம் பண்ணி, அரைச்சு, பைக்கட் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்புறோம். முதலாளிய எல்லாரும் ஹாஜியார்னுதான் சொல்லுவோம். நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி, தங்கமான மனுஷன். கொழும்பில ஏதோ ஒரு ஹோட்டல்ல நடந்த வகுப்புக்குப் போய்ட்டு, வரும்போதே லீன், லீன்னு சொல்லிகிட்டே வந்தார். வீண் நடை, வீண் காத்திருப்பு, வீண் சாமான் எல்லாத்தையும் ஒழிச்சு வேலைய மெலிய வைக்கிறதாம். ஆபிஸ்ல மத்தவங்களவிட இங்கிலீஷ் கொஞ்சம் கூடத் தெரிஞ்சவ நான். அந்தப் பாவத்துக்கு இந்த லீன் வேலை என் தலையில வந்து விழுந்திச்சு.

விஷயம் விளையாட்டு இல்ல. எங்ககிட்ட வாங்குற வெளிநாட்டுக் கம்பெனியில இருந்து ஒரு அம்மா பெக்டரியப் பாக்க வரப் போறாங்க. அவங்களுக்குப் பிடிச்சா பைக்கட் பண்ற பகுதி பல்லேபொலயிலயே இருக்கும். பிடிக்கலேன்னா அத அப்படியே தூக்கி கொழும்புத் துறைமுகத்துக்குக் கிட்ட கொண்டு போயிடணும்னு ஹாஜியாரோட மருமகன் ஒத்தக் கால்ல நிக்கிறார். பைக்கட் மேசையில வேலை செய்றது பூரா பொம்பளைங்க. நாலந்தாவில இருந்து பஸ்ல வாறவங்க, வில்கமுவவில இருந்து வந்து போர்டிங்ல தங்கி இருக்கிற பிள்ளைங்க. அவங்க எல்லாம் வீடு வாசல விட்டுட்டுக் கொழும்புக்கா போக முடியும்? அவங்க வேலை போகும், கூடவே என் வேலையும் போகும். ஹாஜியாருக்கும் இது தெரியும். என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"மகள், வேலைய மெலிய வைங்க, ஆளுகள மெலிய வச்சிராதீங்க."

சிவப்புத் துண்டு

முதல் காரியம், ஸ்டோர்ஸ சுத்தம் பண்றது. ஒரு வருஷமா யாரும் தொடாத சாமான் எல்லாத்திலயும் சிவப்புத் துண்டு கட்டணும். கட்டினது வெளிய போகணும், அதுதான் சட்டம். ஸ்டோர்ஸ் நளீம் நானாவோட ராச்சியம். மனுஷன் ஒரு வளைஞ்ச ஆணியைக் கூட எறிய மாட்டார், தட்டி நிமித்தி எடுத்து வைப்பார். நான் சிவப்புத் துண்டோட உள்ள நுழைஞ்சதும் மகளை அனுப்பி வைக்கிற வாப்பா மாதிரி அவர் கண்ணு கலங்கிட்டு.

ஓட்டைத் தராசு, கால் இல்லாத கதிரை, யாரோ விட்டுட்டுப் போன ஒத்தைச் சப்பாத்து, ஒரு பெரிய உருண்டை வெள்ளைக் கயிறு, ஒரு பெட்டி நிறைய தாடி வலை. தாடி வலைன்னா வேற ஒண்ணுமில்ல. முடி சாப்பாட்டுச் சாமானில விழுந்திடக் கூடாதுன்னு நாங்க தலைக்கு வலைத் தொப்பி போடுறோமே, அதே மாதிரி தாடிக்கு. எங்க பெக்டரியில தாடி வச்சிருக்கிற ஒரே ஆள் ஹாஜியார். அவர் அத மாட்டி யாரும் கண்டதில்ல, மாட்டுங்கன்னு அவர்கிட்ட சொல்ல யாருக்கும் தைரியமும் இல்ல. பிறகு என்னத்துக்கு அந்தப் பெட்டி? கட்டினேன் சிவப்புத் துண்டு. "இன்னைக்கி வேணாம் மிஸ், நாளைக்கி வேணுமா ஈக்கும்"னு நளீம் நானா கெஞ்சினார். நான் காதுல வாங்கல. எல்லாம் பழைய சாமான் லொறியில ஏறிப் போயிட்டு. லொறி கேட்டைத் தாண்டின பிறகு, மிச்சமிருந்த ஒரு சிவப்புத் துண்டை எடுத்துகிட்டு என்கிட்ட வந்தார்.

"ஒரு வருஷமா யாரும் தொடாத சாமான் இங்க இன்னொன்னும் ஈக்கி மிஸ், என்ட லீவு. அதுலயும் ஒரு துண்டு கட்டி விடுங்க."

மிஷினுக்குக் காவல்

அரைக்கிற மிஷின ஓட்டுறது பண்டார. சிங்களவர், ஆனா ஏசுறதுன்னா தமிழ்லதான் ஏசுவார், அதுலதான் காரம் இருக்காம். அவர் மிஷினுக்கு எல்லா மதமும் காவல். பண்டார கட்டின, பிக்கு ஓதிக் குடுத்த பிரித் நூல். பைக்கட் மேசைக்குப் பெரியவங்க புஷ்பமக்கா, அவங்க கட்டித் தொங்க விட்ட எலுமிச்சம்பழமும் பச்சமிளகாயும். நளீம் நானா ஒட்டின துஆ அட்டை. போதாக்குறைக்கு எந்தப் புண்ணியவானோ ஒரு அந்தோனியார் படத்தையும் செருகி வச்சிருந்தார்.

சாப்பாட்டுச் சாமான் அரைக்கிற இடத்துக்கு மேல நூலும் பழமும் ஆடினா வரப் போற அம்மா என்ன நினைப்பாங்க? சிலுவை போட்டுகிட்டு, பயபக்தியோட எல்லாத்தையும் கழட்டி ஒரு பெட்டியில வச்சேன். அன்னைக்குப் பகலே "படார்"னு ஒரு சத்தம். மிஷின் பெல்ட் அறுந்திச்சு. சேசுவே, எல்லாருமா சேந்து என்னப் பாத்த பார்வை இருக்கே! நானே போய் வேணும்னு கத்தியால அறுத்த மாதிரி.

கடைசியில மிஷினுக்குத் தள்ளி சுவத்துல ஒரு பலகை அடிச்சு, மஞ்சள் பெயின்ட்ல கட்டம் கீறி, நூலுக்கு ஒரு கட்டம், பழத்துக்கு ஒரு கட்டம், துஆவுக்கு ஒண்ணு, அந்தோனியாருக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக் குடுத்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம்னு லீன்லயே சொல்லி இருக்கு, சட்டப்படியும் சரி. நாலந்தாவில இருந்து வந்த மெக்கானிக், அறுந்த பெல்ட்டக் கையில எடுத்துப் பாத்துட்டு, "இது எப்பவோ தேஞ்சு போன பெல்ட் மிஸ், இவ்வளவு நாள் ஓடினதே பெரிய விஷயம்"னார். அப்பாடா, பழி போச்சுன்னு நான் நிமிர்ந்தேன். புஷ்பமக்கா விடுவாங்களா?

"பாத்தீங்களா மிஸ்? எப்பவோ அறுந்திருக்க வேண்டியது. அத்தன நாளா யாரு புடிச்சு வச்சிருந்தாங்க?"

மிச்சம் பிடிச்ச நடை

ஒரு ஆள் வேலை நேரத்துல எங்கெங்க நடக்கிறாங்கன்னு பேப்பர்ல கோடு போட்டுப் பாக்கணும். புஷ்பமக்கா பின்னாலயே போய் நானும் போட்டேன். பேப்பர் பூரா இடியப்பம்! லேபல் எடுக்க ஒரு மூலை, பை எடுக்க இன்னொரு மூலை, தண்ணி குடிக்க வெளிய. இதென்ன அநியாயம்னு லேபல், பை, தண்ணிப் போத்தல் எல்லாத்தையும் மேசைக்குப் பக்கத்துலயே கொண்டாந்து வச்சேன். நின்ன இடத்துல நின்னு கைய நீட்டினா போதும். எனக்கு ஒரே பெருமை. ஹாஜியாரையே கூட்டிகிட்டு வந்து காட்டினேன்.

அடுத்த கிழமை பாத்தா, பகல் சாப்பாடு முடிஞ்சதும் பைக்கட் மேசைக்காரங்க அத்தன பேரும் வரிசையா முத்தத்தச் சுத்திச் சுத்தி நடக்கிறாங்க. ஏதோ போராட்டம்னே நான் நினைச்சுட்டேன். ஓடிப்போய் என்ன பிரச்சினைன்னு கேட்டா, புஷ்பமக்கா நடைய நிப்பாட்டாமலே சொன்னாங்க.

"ஒண்ணுமில்ல மிஸ், எனக்குச் சீனி வருத்தம், தினமும் நடக்கணும்னு டாக்டர் சொல்லி இருக்காரு. நீங்க மிச்சம் பிடிச்சுக் குடுத்த நடையத்தான் நடக்கிறோம்."

அஞ்சாவது ஏன்

ஒரு பிழை நடந்தா ஆள ஏசக் கூடாது, "ஏன்"னு அஞ்சு தடவ கேக்கணும், அஞ்சாவது ஏனில உண்மையான காரணம் வெளிய வந்திடும். இதுவும் லீன்தான். ஒரு நாள் அட்டைப் பெட்டி எல்லாம் நனைஞ்சு ஊறிப் போயிருந்திச்சு. எல்லாரையும் வெள்ளைப் பலகைக்கு முன்னால நிப்பாட்டி எழுத ஆரம்பிச்சேன். பெட்டி ஏன் நனைஞ்சிச்சு? கூரை ஒழுகுது. ஏன் ஒழுகுது? ஓடு உடைஞ்சிருக்கு. ஓடு ஏன் உடைஞ்சிச்சு? குரங்கு குதிக்குது. மாத்தளைக் குரங்கப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லணுமா! குரங்கு ஏன் நம்ம கூரைக்கு வருது? பின்பக்கம் தினமும் காலையில வாழைப்பழம் கிடைக்குது. எல்லாரும் போட்டி போட்டுப் பதில் சொன்னாங்க. எனக்குத் தலை கால் புரியல. அப்படியே வேகத்தில அஞ்சாவதையும் கேட்டேன். பின்பக்கம் வாழைப்பழம் ஏன் கிடைக்குது?

புஷ்பமக்கா தொப்பிய சரி பண்றாங்க. பண்டார புது பெல்ட்டத் தடவிப் பாக்கிறார். பிறகுதான் எனக்கும் ஞாபகம் வந்திச்சு. விடியக்கால சுபஹுத் தொழுகை முடிச்சு வந்ததும், வாயில்லாச் சீவன், ஸதகா, அதான் தருமம்னு சீப்புச் சீப்பா வாழைப்பழம் போடுறது சாட்சாத் ஹாஜியார்தான். பூனைக்கு யாரு மணி கட்டுறது? நளீம் நானா மெதுவா வந்து என் கையில இருந்த பேனைய வாங்கி மூடினார்.

"நாலு ஏனோட நிப்பாட்டுங்க மிஸ். அஞ்சாவது ஏன்தான் நமக்குச் சம்பளம் தாரது."

யாரும் இழுக்காத கயிறு

பைக்கட் மேசைக்கு மேல ஒரு பெரிய மணி கட்டி, அதுல கடையில வாங்கின ஒரு வெள்ளைக் கயிறு தொங்க விட்டேன். யார் கண்ணுல பிழை பட்டாலும் சரி, கயித்த இழுக்கணும். மணி அடிச்சா எல்லா வேலையும் நிக்கும். பிழையத் திருத்தி, இழுத்த ஆளே "சரி"ன்னு சொன்ன பிறகுதான் திரும்ப ஓடும். முதலாளியா இருந்தாலும் இதுதான் சட்டம்னு ஹாஜியாரே எல்லாருக்கும் முன்னால சொன்னார்.

இழுத்தாங்களே! பின்னேரம் பேக்கரிச் சாமான் விக்கிற பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுகிட்டு ரோட்டுல வரும். மிஷின் சத்தத்துல உள்ள இருக்கிறவங்களுக்குக் கேக்காது. வாசல்ல நிக்கிறவங்க ஓடி வந்து கயித்த இழுப்பாங்க, எல்லாரும் பணிஸ் வாங்க ஓடுவாங்க. குரங்கு வந்தா மணி. பிளேன்டீ வந்தா மணி. வில்கமுவ மஞ்சள் லொறி வந்தா மணி. பிழைக்கு மட்டும், ம்ஹூம். ஒரு நாள் வாய் சரியா ஒட்டாத மிளகுப் பைக்கட் ஒண்ண புஷ்பமக்கா சத்தம் போடாம மேசைக்குக் கீழ எடுத்து, தானே திருப்பி ஒட்டி வச்சத என் கண்ணால கண்டேன். பத்திகிட்டு வந்திச்சு எனக்கு. "ஏன் அக்கா மணி அடிக்கல? பணிஸுக்கு மட்டும்தான் கை வருமா? அந்த அம்மா வார நேரம் ஒரு நல்ல மணி கூட அடிக்கலேன்னா நம்ம எல்லாருக்கும் வீடுதான், தெரியுமா?"ன்னு கத்தினேன், கெஞ்சினேன், கிட்டத்தட்ட அழுதுட்டேன். புஷ்பமக்கா பக்கத்துல நின்ன வில்கமுவப் பிள்ளையக் கண்ணால காட்டிட்டு, என் காதுகிட்ட வந்தாங்க.

"அது ஒட்டினது இந்தப் பிள்ள. ஊருக்கே கேக்கிற மாதிரி மணி அடிச்சுக் காட்டிக் குடுத்துட்டு, நாளைக்கு இவ முகத்துல நான் எப்படி மிஸ் முழிக்கிறது?"

சவுக்காரமும் தோத்திச்சு

அந்த அம்மா வாறதுக்கு முதல் நாள் சுத்திப் பாத்தா எல்லாம் பளபளன்னு இருக்கு, கயித்தத் தவிர. மஞ்சள் கை, பணிஸ் எண்ணெய்க் கை, குரங்கு விரட்டின கை எல்லாம் பட்டு, வெள்ளைக் கயிறு அடுப்படித் துணி மாதிரி கறுத்துப் போயிருக்கு. சவுக்காரம் போட்டுத் தேச்சேன், போகல. ஓடினேன் ஸ்டோர்ஸுக்கு, புதுக் கயிறு தாங்க நானான்னு. நளீம் நானா கதிரையில சாஞ்சு உக்காந்தார். அவர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்த நான் அதுக்கு முதல் கண்டதே இல்ல.

"வெள்ளைக் கயிறா மிஸ்? அது சிவப்புத் துண்டு கட்டிகிட்டு லொறியில போயிட்டே."

அம்மா வந்தாங்க

வந்தவங்க நெட்டையா, சிரிக்காத முகமா இருந்தாங்க. தலைக்கு வலை, வெள்ளைக் கோட் எல்லாம் அவங்களே கொண்டாந்து போட்டுகிட்டாங்க. ஹாஜியாரும் கோட் போட்டு, தொப்பிக்கு மேல வலை போட்டு, மாப்பிள்ளை மாதிரி வந்தார். தாடி மட்டும் சுதந்திரமா நெஞ்சில ஆடுது. பைக்கட் மேசைகிட்ட வந்ததும் மனுஷனுக்கு உற்சாகம் தாங்கல. திறந்த தட்டுல இருந்த மிளக ரெண்டு கையாலயும் அள்ளி, குனிஞ்சு, "மாத்தளை மிளகு, வாசத்தப் பாருங்க"ன்னு மோந்து காட்டுறார். தாடி மிளகுத் தட்டைக் கூட்டிகிட்டிருக்கு. அந்த அம்மா தாடியவே பாக்கிறாங்க. நானும் பாக்கிறேன். சொல்லணும், ஆனா முதலாளிகிட்ட யாரு சொல்றது? போச்சு, எல்லாம் போச்சு.

டாங்!

பாண் ஆட்டோ வார நேரமில்ல, குரங்குமில்ல. வேலை எல்லாம் அப்படியே நின்னிச்சு. கயித்தக் கையில பிடிச்சுகிட்டு புஷ்பமக்கா நிக்கிறாங்க. எட்டு வீட்டுக்குக் கேக்கிற அந்தக் குரல் நடுங்கிச்சு. "தாடிக்கு வலை இல்ல ஹாஜியார்." பின்னால நின்ன மருமகன் முகத்துல பௌர்ணமி. ஹாஜியார் முகம் மிளகாய் மாதிரி சிவந்திச்சு. பிறகு தொண்டையக் கனைச்சுகிட்டு, "நளீம், தாடி வலை கொண்டாங்க"ன்னார். நளீம் நானா என்னப் பாத்தார். நான் தரையப் பாத்தேன். "சிவப்புத் துண்டுல போயிட்டு ஹாஜியார்" என்றார் நளீம் நானா. ஹாஜியார் உடனே தலைக்குப் போடுற வலை ஒண்ண வாங்கி, தாடிய அதுக்குள்ள சுருட்டி விட்டு, ரெண்டு காதிலயும் மாட்டிகிட்டார். பைக்குள்ள அமுக்கின பஞ்சு மாதிரி இருந்திச்சு. ஒருத்தரும் சிரிக்கல. தாடி பட்ட மிளகுத் தட்டைத் தன் கையாலயே தூக்கிக் கழிவுப் பக்கம் வச்சுட்டு வந்து, புஷ்பமக்கா முன்னால நின்னு, "இப்ப ஓட்டலாமா மகள்?"னு கேட்டார். "சரி ஹாஜியார்"னாங்க அக்கா. மிஷின் ஓடிச்சு. என் கண்ணுல தண்ணி வந்திச்சு. மிளகு காரம்னு துடைச்சுகிட்டேன்.

அந்த அம்மா நேரே கயித்துகிட்ட போனாங்க. கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. நான் கண்ண மூடிகிட்டேன். முதல் தடவயா சிரிச்சுகிட்டு, இங்கிலீஷ்ல சொன்னாங்க. மேசைக்காரங்களுக்கு விளங்கட்டும்னு நான் அத அப்படியே தமிழ்ல சொன்னேன்.

"எல்லா பெக்டரியிலயும் இந்தக் கயிறு தொங்கும், எல்லா இடத்திலயும் வாங்கின அன்னைக்கு மாதிரி வெள்ளையாவே தொங்கும். இழுத்து இழுத்து அழுக்கான கயித்த இங்கதான் பாக்கிறேன்."

பாண் ஆட்டோவப் பத்தி யாரும் வாயத் திறக்கல.

கடைசி மணி

பைக்கட் வேலை பல்லேபொலயிலயே இருக்கட்டும்னு கடிதம் வந்த அன்னைக்கு வில்கமுவப் பிள்ளைங்க ஓன்னு அழுதாங்க. நானும் கூச்சப்படாம அழுதேன். வெள்ளைப் பலகையில அஞ்சாவது ஏனுக்கு நேரே விட்டிருந்த இடத்துல ஹாஜியார் தன் கையாலயே "நான்தான்"னு எழுதி வச்சிருந்தார். இப்ப வாழைப்பழம் போடுறது பெக்டரிக்குத் தூரத்துல, ஆத்துப் பக்கம். புஷ்பமக்காகிட்ட எனக்கு ஒரு கேள்வி இருந்திச்சு. பக்கத்துல நிக்கிற பிள்ளைக்கே மணி அடிக்காதவங்க, முதலாளிக்கு எப்படி அடிச்சாங்க?

"மாசக்கணக்கா இழுங்க இழுங்கன்னு கெஞ்சினீங்க, பாவம், ஒருக்கா இழுத்துக் குடுப்போம்னு நினைச்சேன் மிஸ். பிள்ளைக்கு அடிச்சா பிள்ள அழுவா, ஹாஜியாருக்கு அடிச்சா நம்மள வீட்டுக்கு அனுப்ப மாட்டாருன்னு தெரியும்."

வீண் வேலைய ஒழிக்கிறதுக்குன்னு சம்பளம் வாங்குற நான், பின்னேரத்துல பாண் ஆட்டோ பாட்டுக் கேட்டா இப்ப முதல் ஆளா ஓடிப்போய் அந்தக் கயித்த இழுக்கிறேன், கயிறு திரும்ப வெளுத்துடக் கூடாதில்லையா!